'ஐ யூஸ்ட் டு' என்று நாம் சொன்னால், கேட்பவர் காதில் என்ன விழுகிறது?

கேள்வி இதுதான். ஒருவர் வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறார். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்களாம். 'ஐ யூஸ்ட் டு பிளே ஷட்டில் எவ்ரி மார்னிங்' என்று சொல்லியிருக்கிறார். எதிரில் இருந்தவர் உடனே, 'ஓ, வொய் டிட் யூ ஸ்டாப்?' என்று கேட்டுவிட்டார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று காலையிலும் விளையாடிவிட்டுத்தான் போயிருக்கிறார். 'யூஸ்ட் டு என்றால் வழக்கம் என்றுதானே பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்? ஏன் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தார்?' என்று கேட்கிறார்.

இருபது வருடத்துக்கு மேலாகப் பெரியவர்களுக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வி வராத ஒரு பேட்ச் கூட இருந்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் சுலபமாகப் பிடிபடும்.

முதலில் நேரடி பதில். 'யூஸ்ட் டு' என்றால் வழக்கம் என்பது பாதிதான். முன்பு வழக்கமாக இருந்தது, இப்போது இல்லை என்பதுதான் முழுசு. 'ஐ யூஸ்ட் டு பிளே ஷட்டில்' என்றதும் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் காதில் 'ஒரு காலத்துல விளையாடிட்டிருந்தேன்' என்றுதான் விழும். விளையாட்டு முடிந்துபோன கதை. அதனால்தான் ஏன் விட்டீர்கள் என்று அக்கறையாகக் கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை.

இன்டர்வியூவில் இப்படி ஆனால் பெரிய நஷ்டமில்லை, விளக்கிச் சொல்லிவிடலாம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. என் பெரியம்மா தன் மகனோடு சில மாதம் இருக்க லண்டன் போயிருந்தார். அங்கே ஒரு நாள் தலைசுற்றல் வந்து கிளினிக்குக் கூட்டிப்போனார்கள். பெரியம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்க, அவர் மகன், அதாவது என் அண்ணன், 'ஷி யூஸ்ட் டு டேக் எ பிபி டேப்லெட் டெய்லி' என்றிருக்கிறார். டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, 'அண்ட் வென் டிட் ஷி ஸ்டாப் டேக்கிங் இட்?' என்றார். அண்ணனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. சாப்பிடறாங்க, சாப்பிடறாங்க என்பது போலத் தலையாட்டி 'யெஸ், யெஸ்' என்றார். மாத்திரையை நிறுத்தியதால்தான் ரத்த அழுத்தம் ஏறியிருக்கும் என்று டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதப் போனார். நல்லவேளையாகப் பெரியம்மா கைப்பையைத் திறந்து, பாதி காலியான மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்று காலைக்கான குழி காலியாக இருந்தது. அதற்கப்புறம்தான் டாக்டர் மறுபடி முதலிலிருந்து கேட்டார். அண்ணன் நன்றாகப் படித்தவர், ஐந்து வருடமாக அங்கேயே வேலை பார்க்கிறவர். இலக்கணம் தெரியாததால் வந்த வினை இல்லை இது. தமிழில் ஓடிய நினைப்பு ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தப்பு தானாக விலகிவிடும்.

நம் பள்ளிக்கூடங்களில் 'யூஸ்ட் டு' வந்ததும் அதற்கு எதிரே 'வழக்கம்' என்று எழுதிப்போடுவார்கள். 'ஹி யூஸ்ட் டு கோ' என்றால் 'அவன் போவது வழக்கம்'. இந்தத் தமிழ் வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இதில் காலம் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. 'தாத்தா காலையில் ஆற்றுக்குப் போவது வழக்கம்' என்றால் தாத்தா இன்றைக்கும் போகலாம், இருபது வருடத்துக்கு முன்பு போயிருக்கலாம். சுற்றியிருக்கும் பேச்சுதான் அதைச் சொல்லும். 'போவதுண்டு' என்பதும் அப்படியே. 'இருந்தது' என்று ஒன்றைச் சேர்த்து 'போவது வழக்கமாக இருந்தது' என்று சொன்னால்தான் இறந்தகாலம் உறுதியாகும். நம் நோட்டில் அந்த 'இருந்தது' விடுபட்டுப் போனது. ஒரே ஒரு சொல். அதை மட்டும் சேர்த்து எழுதிக்கொடுத்திருந்தால் பல பேருக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நிகழ்கால வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் இருப்பது மிகச் சாதாரணமான வாக்கியம். 'ஐ பிளே ஷட்டில் எவ்ரி மார்னிங்.' அவ்வளவுதான். நம் ஆட்களுக்கு இது குறைவாகத் தெரிகிறது. வெறும் 'பிளே' என்றால் வழக்கம் என்பது எங்கே வந்தது என்று தோன்றுகிறது. ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும்போல இருக்கிறது. சிலர் 'ஐ ஆம் பிளேயிங் டெய்லி' என்கிறார்கள். சிலர் 'யூஸ்ட் டு'வைச் சேர்க்கிறார்கள். உண்மையில் அந்த வெறும் 'பிளே'யிலேயே வழக்கம் முழுசாக இருக்கிறது. 'ஐ டிரிங்க் காபி' என்றால் நான் காபி குடிக்கிற ஆள் என்று பொருள். இந்த நொடி டம்ளர் கையில் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அழுத்தம் வேண்டுமென்றால் 'யூஷுவலி' சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஐ யூஷுவலி பிளே இன் தி மார்னிங்.'

இந்த 'யூஷுவலி'யும் 'யூஸ்ட் டு'வும் ஒரே வேரில் பிறந்தவை. இரண்டும் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தவை. அந்தக் கால ஆங்கிலத்தில் 'யூஸ்' என்ற வினைக்குப் பயன்படுத்து என்பதோடு, வழக்கமாகச் செய் என்ற பொருளும் இருந்தது. அந்தப் பொருளில் அது எல்லாக் காலத்திலும் புழங்கியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், 119-ஆம் சங்கீதம் 132-ஆம் வசனத்தில் 'ஆஸ் தௌ யூசெஸ்ட் டு டூ' என்று வருகிறது. உம்முடைய நாமத்தை நேசிக்கிறவர்களுக்கு நீர் வழக்கமாகச் செய்கிறபடியே எனக்கும் இரங்கும் என்ற வேண்டுதல். கடவுள் முன்பு செய்துவந்தார், இப்போது நிறுத்திவிட்டார் என்ற பொருளே அதில் இல்லை. அச்சு அசலான நிகழ்கால வழக்கம். ஆக, நாம் சொல்லவரும் பொருள் ஒரு காலத்தில் ஆங்கிலத்திலேயே இருந்ததுதான். பின்னால் அந்த நிகழ்கால வடிவம் வழக்கொழிந்தது, இறந்தகால வடிவம் மட்டும் பிழைத்தது. நிகழ்கால வேலையை 'யூஷுவலி' எடுத்துக்கொண்டது. இதை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் முகத்தில் ஒரு தெம்பு வரும். தங்களுக்கு மூளை இல்லாததால் இந்தத் தப்பு வரவில்லை என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. சிங்கப்பூர், மலேசிய ஆங்கிலப் பேச்சிலும் இதே மாதிரி நிகழ்கால வழக்கத்துக்கு 'யூஸ் டு' சொல்வதைக் கேட்கலாம். நம் ஊருக்குள் பேசிக்கொள்ளும்போது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. வெளியூர்க்காரர் காதில் விழும்போதுதான் சிக்கல்.

சரி, ஆங்கிலக்காரர்கள் அன்றாடம் இதை எங்கே சொல்கிறார்கள்? அதைப் பார்த்தால்தான் இதன் ருசி தெரியும்.

அடிக்கடி சொல்வது இடங்களைப் பற்றி. 'தேர் யூஸ்ட் டு பி எ ... ஹியர்.' இங்கே முன்னாடி இன்னது இருந்தது. சென்னை தியாகராய நகர் இன்று துணிக்கடையும் நகைக்கடையுமாக நெரிகிறது. 1920களில் ஏரியைத் தூர்த்துத்தான் அந்த நகரை உருவாக்கினார்கள். பக்கத்தில் மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. ஏரி இல்லை, பார்வை மட்டும் மிச்சம். அந்தத் தெருவில் நின்றுகொண்டு வெளிநாட்டு நண்பருக்கு இதைச் சொல்ல வேண்டுமென்றால், 'தேர் யூஸ்ட் டு பி எ லேக் ஹியர்' என்பதைவிடப் பொருத்தமான வாக்கியம் ஆங்கிலத்தில் கிடையாது. 'தேர் வாஸ் எ லேக் ஹியர்' என்றாலும் தப்பில்லை. ஆனால் 'யூஸ்ட் டு பி' என்னும்போது அன்றைய ஏரியும் இன்றைய தெருவும் ஒரே நேரத்தில் கண்முன் நிற்கின்றன. மதுரைக்காரர்கள் தங்கம் தியேட்டர் இருந்த இடத்தைக் கடக்கும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் 'இங்கதான் தங்கம் தியேட்டர் இருந்துச்சு' என்பார்கள் இல்லையா, அந்தக் குரல்தான் இது.

இதையே தமிழில் இன்னொரு விதமாகவும் கேட்போம். 'இங்க ஒரு டீக்கடை இருக்குமே, எங்க போச்சு?' இதில் வரும் 'இருக்கும்' பழைய கடையைப் பற்றியது. வடிவம் எதிர்காலம், பொருள் இறந்தகாலம். இதை வைத்துக்கொண்டு 'தேர் வுட் பி எ டீ ஷாப் ஹியர்' என்று போய்விடாதீர்கள். அங்கே ஆங்கிலம் ஒத்துக்கொள்ளாது. 'தேர் யூஸ்ட் டு பி எ டீ ஷாப் ஹியர்' என்றுதான் வர வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, குறும்பதில். எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இதுதான். 'டூ யூ சிங்?' என்று ஒருவர் கேட்கிறார். பதில், 'ஐ யூஸ்ட் டு.' அவ்வளவுதான், பின்னால் வினைச்சொல் கூட வேண்டியதில்லை. பாடிக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை. ஏன் இல்லை என்று சொல்லவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அந்த 'டு'வில் குரல் சற்றே நின்று இறங்கும். கேட்டவருக்கு அடுத்து என்ன கேட்பது, கேட்கலாமா வேண்டாமா என்று அந்த இறக்கமே சொல்லிவிடும். நம் ஊரில் ஒரு அம்மாவிடம் 'நீங்க பாடுவீங்களா?' என்று கேட்டால், 'பாடுவேன்...' என்று இழுத்து, 'கல்யாணத்துக்கு முன்னாடி' என்பார். அந்த இழுப்பையும் 'முன்னாடி'யையும் சேர்த்தால் 'ஐ யூஸ்ட் டு'. 'டூ யூ ஸ்மோக்?' என்று டாக்டர் கேட்கும்போதும் இதே பதில் வரும். நம்மவர் நிகழ்காலத்தை நினைத்துக்கொண்டு 'ஐ யூஸ்ட் டு' என்றால், டாக்டர் 'குட்' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். 'மை ஃபாதர் யூஸ்ட் டு சே...' என்று ஆரம்பித்தால், அப்பா இப்போது இல்லை என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். அப்பா வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் 'மை ஃபாதர் ஆல்வேஸ் சேஸ்' என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் முகம் மாறி, தாழ்ந்த குரலில் ஆறுதல் சொல்லத் தொடங்குவார். இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் சங்கடம்.

ஒப்பிடும்போதும் இது அடிக்கடி வரும். 'இட் இஸ் நாட் வாட் இட் யூஸ்ட் டு பி' என்றால் முன்ன மாதிரி இல்லை. 'ஐ டோன்ட் ஈட் ஆஸ் மச் ஆஸ் ஐ யூஸ்ட் டு' என்றால் முன்ன மாதிரி சாப்பிட முடிவதில்லை. நம் 'முன்ன மாதிரி'க்கு இதைவிட நெருக்கமான ஆங்கிலம் எனக்குத் தெரிந்து இல்லை. வயதானவர்கள் உடம்பைப் பற்றிப் பேசும் பேச்சில் பாதி இதுதான், எந்த மொழியிலும்.

இப்போது 'வுட்' விஷயத்துக்கு வருகிறேன். தமிழர்களுக்கு இது ஒரு வரம். ஆனால் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை.

சின்ன வயசுக் கதை சொல்லும்போது நாம் எப்படிச் சொல்கிறோம்? 'லீவுக்கு ஆச்சி ஊருக்குப் போவோம். காலையில எந்திரிச்சதும் வாய்க்கால்ல குளிப்போம். ஆச்சி பழைய சோத்துல மோர் ஊத்திக் குடுப்பா. மத்தியானம் மாமா நுங்கு வெட்டிட்டு வருவாரு.' ஒவ்வொரு வினையையும் பாருங்கள். போவோம், குளிப்போம், குடுப்பா, வருவாரு. எல்லாமே எதிர்கால வடிவம். நடந்ததோ முப்பது வருடத்துக்கு முன்னால். நமக்கு இது கொஞ்சமும் உறுத்துவதில்லை. ஏனென்றால் தமிழில் இந்த வடிவம் நாளைக்கு நடப்பதை மட்டும் சொல்வதல்ல, திரும்பத் திரும்ப நடப்பதையும் இயல்பையும் சொல்வது. மலை நிற்கும், தீ சுடும் என்று பழைய இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டு வரும். மலை நாளைக்கு நிற்கும் என்று அதற்குப் பொருளில்லை.

ஆங்கிலமும் அதே வேலையைச் செய்கிறது. 'வில்' என்ற எதிர்காலச் சொல்லின் இறந்தகால வடிவம்தான் 'வுட்'. கதை சொல்லும்போது அது வரும். 'வி யூஸ்ட் டு ஸ்பெண்ட் அவர் ஹாலிடேஸ் அட் கிராண்ட்மாஸ் பிளேஸ். வி வுட் பேத் இன் தி கனால். ஷி வுட் கிவ் அஸ் ரைஸ் வித் பட்டர்மில்க். மை அங்கிள் வுட் பிரிங் பாம் ஃப்ரூட்ஸ்.' குளிப்போம், வுட் பேத். குடுப்பா, வுட் கிவ். வரிக்கு வரி ஒன்றோடொன்று பொருந்திப்போகிறது. முதல் வாக்கியத்தில் மட்டும் 'யூஸ்ட் டு' வந்து, இது பழைய கதை என்று கதவைத் திறந்து வைத்தது. அதற்கப்புறம் எல்லாம் 'வுட்'. ஆங்கிலத்தில் நல்ல கதைசொல்லிகள் பெரும்பாலும் இப்படித்தான் போவார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யூஸ்ட் டு' போட்டால் அது ஆணி அடிப்பது மாதிரி இருக்கும். நம் தமிழில் 'லீவுக்கு', 'சின்ன வயசுல', 'அப்பெல்லாம்' என்ற சொற்கள் கதவைத் திறந்து வைக்கிற மாதிரி.

ஒரே ஒரு எல்லை. 'வுட்' செயலுக்கு மட்டும்தான் வரும். குளிப்பது, கொடுப்பது, வெட்டுவது எல்லாம் செயல். இருப்பது, பிடிப்பது, தெரிவது, சொந்தமாக வைத்திருப்பது எல்லாம் நிலை. நிலைக்கு 'யூஸ்ட் டு'தான். 'வி வுட் லிவ் இன் மதுரை' என்றால் மதுரையில் இருந்தோம் என்று பொருள் வராது, ஏதாவது நடந்திருந்தால் இருந்திருப்போம் என்பது மாதிரி அந்தரத்தில் தொங்கும். 'வி யூஸ்ட் டு லிவ் இன் மதுரை' என்பதே சரி. முன்னே சொன்ன டீக்கடை 'இருக்கும்' இங்கேதான் மாட்டுகிறது. இருத்தல் ஒரு நிலை. தமிழில் 'இருக்கும்' தாராளமாக வரலாம். ஆங்கிலத்தில் அங்கே 'வுட்' போகாது.

எண்ணிக்கை விஷயமும் ஒன்று இருக்கிறது, இது பயோடேட்டா எழுதுகிறவர்களுக்கு முக்கியம். 'ஐ யூஸ்ட் டு வொர்க் தேர் ஃபார் ஃபோர் இயர்ஸ்' என்று எழுதுகிறார்கள். கூடாது. இத்தனை வருடம், இத்தனை தடவை என்று மொத்தக் கணக்கு சொல்லிவிட்டால் அது அளந்து கட்டிவைத்த மூட்டை, அதற்குச் சாதாரண இறந்தகாலம் போதும். 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபோர் இயர்ஸ்.' ஆனால் கணக்கு வழக்கத்துக்குள்ளேயே இருந்தால் தடையில்லை. 'ஐ யூஸ்ட் டு கோ தேர் த்ரீ டைம்ஸ் எ வீக்' என்பது சரி. வாரத்துக்கு மூன்று முறை என்பது அந்தப் பழக்கத்தின் அளவு, மொத்தம் எத்தனை முறை போனேன் என்ற கணக்கல்ல.

எதிர்மறையில் ஒரு அழகு இருக்கிறது. 'ஐ டிட்ன்ட் யூஸ் டு லைக் பிட்டர் கோர்ட்.' முன்னெல்லாம் எனக்குப் பாகற்காய் பிடிக்காது. நேர்வாக்கியத்தில் இப்போது இல்லை என்பது உள்ளே இருந்தது போல, இதில் இப்போது பிடிக்கும் என்பது உள்ளே இருக்கிறது. பாகற்காயைத் தட்டில் வைத்துக்கொண்டே சொல்கிற வாக்கியம் இது. எழுதும்போது 'டிட்' வந்துவிட்டதால் 'யூஸ்' கடைசியில் 'டி' எழுத்து இல்லாமல் எழுதுவதுதான் பாதுகாப்பு. அச்சில் 'டி'யோடும் பார்ப்பீர்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் ஆங்கிலக்காரர்களுக்கே அங்கே கை தடுமாறுகிறது. இந்தத் தலைவலி வேண்டாமென்றால் 'ஐ நெவர் யூஸ்ட் டு லைக் இட்' என்று சொல்லிவிடுங்கள். பேச்சில் அவர்களும் அப்படிச் சொல்வதுண்டு.

ஏன் காதுக்கு ஒன்று என்றால், உச்சரிப்பு அப்படி. 'ஐ யூஸ்ட் எ நைஃப்', கத்தியைப் பயன்படுத்தினேன் என்னும்போது நடுவில் வரும் ஒலி தேனீ ரீங்காரம் மாதிரி அதிரும். தொண்டையில் விரலை வைத்தால் அதிர்வு தெரியும். 'ஐ யூஸ்ட் டு லிவ்' என்னும்போது அந்த அதிர்வு இருக்காது, பாம்பு சீறுவது மாதிரி வெறும் காற்று. பின்னால் வரும் 'டு'வின் வல்லொலி முன்னே இருப்பதையும் இழுத்துத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. இரண்டு ட-வும் ஒட்டி 'யூஸ்டு' என்று ஒரே சொல்லாகவே ஒலிக்கும். 'தி நைஃப் ஐ யூஸ்ட் டு கட் தி கேக்', கேக் வெட்டப் பயன்படுத்திய கத்தி என்று சொல்லும்போது எழுத்து அதேதான், ஆனால் அதிர்வு இருக்கும், 'யூஸ்ட்' தனியாகவும் நிற்கும். தமிழ் எழுத்தில் இந்த இரண்டு ஒலிக்கும் வேறுபாடு காட்ட முடியவில்லை. தொண்டையில் விரல் வைத்து நான்கு முறை சொல்லிப் பாருங்கள், அது போதும்.

கடைசியாக, இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் உடன்பிறப்பு. 'ஐ ஆம் யூஸ்ட் டு.' முன்னால் 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' வந்துவிட்டால் பொருளே வேறு. எனக்குப் பழகிவிட்டது என்று ஆகிவிடும். அதன் பின்னால் பெயர்ச்சொல் வரும், இல்லாவிட்டால் 'இங்' வரும். 'ஐ ஆம் யூஸ்ட் டு தி ஹீட்', வெயில் எனக்குப் பழகிப்போச்சு. 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் ஏர்லி', சீக்கிரம் எழுந்து எனக்குப் பழக்கம். 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக் அப்' என்று சொல்வது தவறு.

இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஐ யூஸ்ட் டு லிவ் அலோன்.' 'ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் அலோன்.' முதலாவதைச் சொல்பவர் முன்பு தனியாக இருந்தார், இப்போது யாரோ உடன் இருக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்பவருக்குத் தனிமை பழகிவிட்டது, பெரும்பாலும் இப்போதும் தனியாகத்தான் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு 'ஆம்', ஒரு 'இங்'. வாழ்க்கை தலைகீழ். தமிழில் 'தனியா இருந்தேன்', 'தனியா இருந்து பழகிடுச்சு' என்று சொல்லிப்பார்த்தால் எது எதற்கு என்பதில் சந்தேகமே வராது. 'வழக்கம்' என்ற சொல்லை விட்டுவிட்டு, முதலாவதற்கு 'முன்னாடி', இரண்டாவதற்குப் 'பழகிடுச்சு' என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 'கெட் யூஸ்ட் டு' என்பது பழகிக்கொள்வது. புது ஊரில் வேலைக்குச் சேர்ந்தவரிடம் 'யூ வில் கெட் யூஸ்ட் டு இட்' என்பார்கள். நாம் 'போகப் போகப் பழகிடும்' என்று தோளைத் தட்டுவோமே, அதேதான்.

வகுப்பில் நான் விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. வாயில் 'யூஸ்ட் டு' வரும்போது மனதுக்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: 'இப்பவும் உண்டா?' உண்டு என்றால் 'யூஸ்ட் டு' வேண்டாம். இல்லை என்றால் தைரியமாகப் போடலாம். முதல் வாரம் பேச்சு கொஞ்சம் திக்கும். மூன்றாவது வாரத்தில் கேள்வி தானாகவே ஓடிவிடும்.

கேட்டவருக்கு, அடுத்த இன்டர்வியூவில் ஷட்டில் பற்றிக் கேட்டால், 'ஐ பிளே ஷட்டில் எவ்ரி மார்னிங்' என்று சொல்லுங்கள். பள்ளியில் வேறு ஏதாவது விளையாடி, பிறகு அதை நிறுத்தியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'ஐ யூஸ்ட் டு பிளே கபடி அட் ஸ்கூல், நௌ ஐ பிளே ஷட்டில்.' அப்போது எதிரில் இருப்பவர் கபடியை ஏன் விட்டீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும்.